மண்புழு தொட்டியில் நிற்காமல் ஏறி ஓடுகிறது (உச்சிப்புளி)

உச்சிப்புளிக்காரன் | ஜூலை 28, இரவு 9.10

வணக்கம். ராமநாதபுரம் பக்கம் கடலோர ஊர் எங்களுடையது. உரம் தயாரிக்க ஆனி பிறந்த வாரத்தில் மண்புழு வாங்கிப் போட்டேன். நாற்பது நாள் ஆகிறது. ஒரு கிலோ என்று கொடுத்தார்கள், பையைப் பிரித்தால் பாதிக்கு மேல் சாணம். சரி, அதை விடுங்கள்.

தொட்டி என்று பெரிதாக ஒன்றுமில்லை. நீல பிளாஸ்டிக் டிரம்மை நெடுக்கில் அறுத்து ஒரு பாதியைப் படுக்க வைத்திருக்கிறேன். அடியில் தென்னை நார்க்கழிவு, அதற்கு மேல் ஒரு மாதம் ஆறப்போட்ட மாட்டுச் சாணம், அப்புறம் தினமும் அடுப்படியில் விழுகிற காய்கறித் தோல், முருங்கைக் காம்பு, வாழைப்பழத் தோல், வடிகட்டின டீத்தூள். வேப்பமரத்தடி நிழல். மேலே ஓலை போட்டு மூடியிருக்கிறேன். சாயங்காலம் கிணற்றுத் தண்ணீர் ஒரு சொம்பு தெளிப்பேன்.

முதல் மூன்று வாரம் ஜோராக இருந்தது. காலையில் போட்ட பூசணித் தோல் மூன்றாம் நாள் தேடினால் கிடைக்காது. இப்போது பத்து நாளாகப் போட்டது போட்டபடி கிடக்கிறது. ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் புழுவெல்லாம் டிரம் சுவரில் ஏறி ஓலையின் அடிப்பக்கம் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கிறது. விடிந்தால் நாற்பது ஐம்பது தரையில் காய்ந்து கிடக்கும், எறும்பு இழுத்துக்கொண்டு போகும். நேற்று ஒன்றைக் கையில் எடுத்தேன். நடுவில் நூலால் கட்டினது போலச் சுருங்கி, வால் பக்கம் வெளுத்திருந்தது.

வீட்டுக்காரி, "உங்கள் புழுவும் உங்களை மாதிரியே ராத்திரியில்தான் ஊர் சுற்றுகிறது" என்கிறாள். இது வெயிலா, வேறு ஏதாவதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோவைக்காரன் | ஜூலை 28, இரவு 10.02

வெயில்தான், சந்தேகமே வேண்டாம். எங்களுக்கும் ஒரு சித்திரையில் இப்படி ஆனது. நார்க்கழிவு இன்னொரு கூடை சேருங்கள், ஈரத்தைப் பிடித்து வைக்கும். தண்ணீரை இரண்டு சொம்பாக்குங்கள். படுக்கையில் 60 முதல் 70 சதவீதம் ஈரம் இருக்க வேண்டும்.

சாயல்குடிப் பனங்காடு | ஜூலை 29, காலை 6.25

அண்ணே, கச்சான் காற்று, அதாவது மேல்காற்று, அடிக்கிற மாதம் இது. மேல்பகுதி காய்ந்து, அடி மட்டும் ஈரமாக இருக்கும். ஓலை மட்டும் போதாது, ஓலைக்கு அடியில் நனைத்த சாக்கு ஒன்று போடுங்கள்.

நான் டிரம்மை விட்டுவிட்டு மீன் ஏற்றுகிற தெர்மாகோல் பெட்டிக்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது. கம்பெனிக்காரர்கள் மூலை உடைந்ததைச் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். ஐஸையே கரையாமல் வைக்கிற பெட்டி, கத்திரி வெயிலை உள்ளே விடுமா? அடியில் ஏழெட்டு ஓட்டை போட்டு, நான்கு செங்கல் மேல் ஏற்றி வைத்தால் சரி. முதலில் பெட்டியை நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும், மீன் கவிச்சியும் உப்பும் ஊறிப்போயிருக்கும்.

இன்னொன்று, சாணம் எங்கே வாங்கினீர்கள்? மாட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுத்த வாரத்துச் சாணமாக இருந்தால் மண்புழுவுக்கும் ஆகாது. நான் ஒரு தடவை பட்டிருக்கிறேன்.

கீழக்கரை லாத்தா | ஜூலை 29, காலை 11.40

தம்பி, மறைக்காமல் சொல்லுங்கள். மீன் கழிவு போட்டீர்களா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. போன வருடம் எங்கள் வீட்டில் ஒரு விருந்துக்கு ஆறு கிலோ இறால் உரித்தோம். தலையும் ஓடும் ஒரு வாளி. வீணாகப் போகிறதே என்று மொட்டை மாடியில் இருந்த புழுப் பெட்டியில் கொட்டினேன். மூன்றாம் நாள் தெருவில் இருக்கிற பூனை எல்லாம் என் மாடியில். ஐந்தாம் நாள் மூடியைத் திறந்தால் பெட்டி முழுக்க வெள்ளைப் புழு நெளிகிறது, மண்புழு ஒன்றைக் காணோம். உம்மா மூன்று நாள் மாடிப்படி ஏறவில்லை.

இப்போது மீன் கழிவை வெல்லம் போட்டுத் தனி வாளியில் ஊற வைத்து விடுகிறேன். கழிவு எவ்வளவோ அவ்வளவு வெல்லம், இறுக்கமான மூடி. மூன்று வாரம் தாண்டினால் மீன் அமிலம் ஆகிவிடும். பத்து மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து கத்தரிச் செடிக்குத் தெளித்தால் இலை பச்சைப் பசேல் என்று வருகிறது. புழுவுக்கு மீன் வாடையே காட்டுவதில்லை.

உச்சிப்புளிக்காரன் | ஜூலை 29, பிற்பகல் 2.15

லாத்தா, மீன் போடவில்லை. ஆனால் அம்மா இரண்டு மூன்று தடவை மிச்சமான சாம்பார் சாதமும் ஊறுகாய் மாங்காயும் கொட்டியிருக்கிறார்கள். "புழுவுக்கு வாய் இல்லையா, அதுவும் ருசியாகச் சாப்பிடட்டும்" என்று சொன்னதாகப் பிள்ளைகள் போட்டுக்கொடுத்தார்கள்.

பனங்காட்டுத் தம்பி, சாணம் பக்கத்து வீட்டு மாட்டுடையது. கேட்டுவிட்டேன், பொங்கலுக்குப் பிறகு மருந்து எதுவும் கொடுக்கவில்லையாம்.

தொண்டி வாத்தியார் | ஜூலை 29, இரவு 8.30

முப்பது வருடம் விலங்கியல் நடத்தினவன் என்பதால் நானும் கொஞ்சம் மூக்கை நுழைக்கிறேன்.

புழு கூட்டமாக ஏறி ஓடினால், அது இருக்கும் இடம் அதற்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஏன் பிடிக்கவில்லை என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு முன்னால் தண்ணீரைக் கூட்டு, குறை என்று எதையும் செய்ய வேண்டாம். ஐந்து விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

உள்ளே கை விட்டு ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் எத்தனை சொட்டு விழுகிறது? மூக்கில் வைத்தால் அழுகின முட்டை நாற்றமோ புளித்த வாடையோ அடிக்கிறதா? மதியம் இரண்டு மணிக்கு உள்ளே வெப்பம் எவ்வளவு? டிரம் அடியில் ஓட்டை இருக்கிறதா? கடைசியாக, அந்தக் கிணற்றுத் தண்ணீரை நீங்கள் குடிப்பீர்களா?

புழு எந்த வகை என்றும் சொல்லுங்கள். உடம்பில் மஞ்சளும் சிவப்புமாக வளையம் வளையமாக இருந்தால் ஐசீனியா ஃபெடிடா. அதற்குக் குளிர்ச்சி பிடிக்கும், 35 டிகிரி தாண்டினால் பிழைக்காது. ஊட்டி, கொடைக்கானலுக்கு ஏற்ற பிள்ளை. பென்சில் கனத்தில் நீளமாக, வெளிச்சத்தில் ஊதா மினுமினுப்பு தெரிந்தால் யூட்ரிலஸ் யூஜினியே, ஆப்பிரிக்கப் புழு என்று விற்பது அதுதான். நம் பக்கத்துச் சூட்டைத் தாங்கும். மெல்லிசாக, தொட்டவுடன் துள்ளிக் குதித்தால் பெரியோனிக்ஸ், நம் நாட்டுக்காரன்.

உச்சிப்புளிக்காரன் | ஜூலை 30, பிற்பகல் 3.05

சார், ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன்.

பிழிந்தால் இரண்டு மூன்று சொட்டு. நாற்றம் இல்லை, ஈர மண் வாடைதான். மகன் மீன் தொட்டியில் போடுகிற வெப்பமானியைக் குத்தி வைத்தேன், மதியம் 31 டிகிரி. புழு ஊதா மினுமினுப்புதான், அப்படியானால் ஆப்பிரிக்கப் புழு. டிரம்மில் ஓட்டை இல்லை. ஒழுகினால் சத்தெல்லாம் போய்விடும் என்று போடாமல் விட்டேன்.

தண்ணீர் விஷயம்தான் கொஞ்சம் யோசிக்க வைத்தது. குடிக்க மாட்டோம். அதில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வருகிற காவிரித் தண்ணீர். தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் மாட்டித் தருகிற பையன் ஒருவன் தெருவில் இருக்கிறான், அவனிடம் மீட்டர் வாங்கிக் கிணற்றுத் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன். 2,900 காட்டியது. காவிரித் தண்ணீர் 400 சொச்சம்.

அப்புறம் இன்னொன்று. இத்தனை நாள் கண்ணில் படவே இல்லை. டிரம்மின் உள்சுவரில், ஈரம் முடிகிற இடத்துக்கு மேலே, இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பூசணம் என்று நினைத்திருந்தேன். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது.

தொண்டி வாத்தியார் | ஜூலை 30, இரவு 9.20

ஆள் அகப்பட்டுவிட்டான்.

மீட்டர் காட்டுகிற 2,900 என்பது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகளின் எடை, மில்லிகிராம் கணக்கில். அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 2.9 கிராம். உங்கள் சொம்பு ஒரு லிட்டர் என்று வையுங்கள். நாற்பது நாளில் 116 கிராம் உப்பு உள்ளே போயிருக்கிறது. தண்ணீர் கச்சான் காற்றில் ஆவியாகிப் போய்விடும், உப்பு எங்கே போகும்? அடியில் ஓட்டையும் இல்லை. டிரம்மில் மொத்தம் 20 கிலோ இருக்கும் என்றால் அதில் அரை சதவீதத்துக்கும் மேலே உப்பு. மண்புழுவுக்கு அரை சதவீதம்தான் எல்லை என்பது பொதுவாகச் சொல்கிற கணக்கு. இதில் சாம்பாரையும் ஊறுகாயையும் நான் சேர்க்கவில்லை.

புழுவுக்கு நுரையீரல் கிடையாது. ஈரமான தோல் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. வெளியே உப்பு ஏறினால் உடம்பில் இருக்கிற தண்ணீரை அது வெளியே இழுக்கும். நீங்கள் பார்த்த சுருக்கமும் வெளுப்பும் அதனால்தான். சுற்றிலும் ஈரம் இருந்தும் உள்ளுக்குள் காய்ந்து சாகிறது.

கோவைத் தம்பி சொன்னபடி அந்தத் தண்ணீரை இரண்டு சொம்பாக்கியிருந்தால் இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும். அவர் மேல் தப்பில்லை, அவர் ஊர்த் தண்ணீர் வேறு.

கீழக்கரை லாத்தா | ஜூலை 30, இரவு 9.45

116 கிராம் உப்பா! தம்பி, நீங்கள் புழு வளர்க்கவில்லை, கருவாடு போட்டிருக்கிறீர்கள்.

கோவைக்காரன் | ஜூலை 31, காலை 7.50

வாத்தியார் ஐயா, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒரு கேள்வி. மீட்டர் காட்டுவது முழுக்கச் சமையல் உப்பு இல்லையே. சுண்ணாம்பு, மெக்னீசியம் எல்லாம் அதில் சேர்த்திதானே? எங்கள் போர் தண்ணீரும் 1,500 காட்டுகிறது, நான்கு வருடமாகப் புழு நன்றாகத்தான் இருக்கிறது.

தொண்டி வாத்தியார் | ஜூலை 31, காலை 9.15

சரியான கேள்வி. கடின நீரில் சுண்ணாம்பு அதிகம் இருக்கும், அது புழுவை இந்த அளவுக்குப் படுத்தாது. கடலோரக் கிணற்றில் ஏறுவது பெரும்பாலும் சோடியமும் குளோரைடும். நாக்கில் கரித்ததே, அதுதான் அடையாளம். அதனால் என் 116 கிராமை உப்புக்கடைத் தராசு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம், ஏறக்குறைய என்று கொள்ளுங்கள்.

உங்கள் தொட்டியில் ஓட்டை இருக்கிறதா?

கோவைக்காரன் | ஜூலை 31, காலை 9.40

இருக்கிறது. கீழே வடிகிற தண்ணீரைப் பிடித்து ரோஜாவுக்கு ஊற்றுவேன். புரிந்துவிட்டது, உப்பும் அதோடு இறங்கிவிடுகிறது.

தங்கச்சிமடம் நாற்றங்கால் | ஜூலை 31, பிற்பகல் 1.30

ஒரு விஷயத்தை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். நார்க்கழிவு.

நாங்கள் மல்லிகைப் பதியன் போடுகிறவர்கள். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் மணலில் வேர்விட்ட மல்லிகைக் கன்று எங்கெங்கோ போகிறது. ஒரு வருடம் மணலோடு நார்க்கழிவு கலந்து பார்த்தேன். தொழிற்சாலையிலிருந்து வந்த மூட்டையை அப்படியே கொட்டினேன். பத்தாம் நாள் துளிரெல்லாம் நுனி கருகிவிட்டது. தேங்காய் மட்டையை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு நார் எடுத்திருந்தால் அந்த உப்பு முழுவதும் கழிவில் இருக்கும். மட்டையிலேயே கொஞ்சம் இயற்கையாகவும் உண்டு.

இப்போதெல்லாம் மூட்டையை அவிழ்த்துத் தொட்டியில் போட்டு நல்ல தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி விடுவேன். காலையில் வடித்தால் காபி டிகாஷன் நிறத்தில் இறங்கும். மறுபடி நிரப்பு, மறுபடி வடி. மூன்று தடவையாவது. கடைசித் தண்ணீர் வெளுத்து வந்து, மீட்டரிலும் ஊற்றின தண்ணீரும் வடிந்த தண்ணீரும் கிட்டத்தட்ட ஒன்றாகக் காட்டினால்தான் கையில் எடுப்பேன். அவ்வளவு நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்றால், மழைக்காலத்தில் கொட்டி வைத்துவிடுங்கள், வானம் கழுவித் தரும்.

உப்பு ஏறின மண்புழு உரமும் இதே வேலையைத்தான் செய்யும். உரம் என்று நம்பி நாற்றுக்குப் போட்டால் நாற்று போச்சு.

உச்சிப்புளிக்காரன் | ஜூலை 31, மாலை 6.00

நாற்றங்கால் அண்ணே, நான் கழுவவே இல்லை. மூட்டையைக் கொட்டினதோடு சரி.

எல்லோரும் சொல்வது நியாயமாகத்தான் படுகிறது. இருந்தாலும் தொட்டியைக் கலைப்பதற்கு முன்னால் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு ஆசை. சார், சின்னதாக எப்படிச் சோதிப்பது?

தொண்டி வாத்தியார் | ஜூலை 31, இரவு 7.10

மூன்று டம்ளர். ஒன்றில் டிரம்மில் இருக்கிறதை அப்படியே போடுங்கள். இரண்டாவதில் அதையே துணியில் கட்டிக் காவிரித் தண்ணீரில் மூன்று தடவை அலசிப் பிழிந்து போடுங்கள். மூன்றாவதில் பக்கத்து வீட்டுப் பழைய சாணத்தைக் காவிரித் தண்ணீரில் நனைத்துப் போடுங்கள். ஒவ்வொன்றிலும் நல்ல தெம்பான புழு பத்து. வாயைத் துணியால் கட்டி இருட்டில் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் எண்ணுங்கள். புழு ஏறவில்லை, உள்ளே இறங்கிவிட்டது என்றால் அந்த இடம் அதற்குப் பிடித்திருக்கிறது.

புழுவைத் தூக்கும்போது இழுத்து அறுத்துவிடாதீர்கள். இரண்டாக வெட்டினால் இரண்டு புழு ஆகும் என்று இன்னும் பாதிப் பேர் நம்புகிறார்கள். ஆகாது. தலைப்பக்கம் போதுமான நீளம் இருந்தால் அது வாலை வளர்த்துப் பிழைக்கலாம், மற்றத் துண்டு செத்துப்போகும்.

உச்சிப்புளிக்காரன் | ஆகஸ்ட் 2, காலை 6.40

இதோ கணக்கு.

முதல் டம்ளர்: பத்தில் எட்டு துணியில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு அடியில், அசைவில்லை.

இரண்டாம் டம்ளர்: மூன்று மேலே, ஏழு உள்ளே.

மூன்றாம் டம்ளர்: துணியில் ஒன்றும் இல்லை. காலியாகிவிட்டதோ என்று பயந்து கவிழ்த்தேன். சாணத்துக்கு நடுவில் பத்தும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு பந்து மாதிரி கிடந்தது. பிரிக்க மனம் வரவில்லை, அப்படியே மூடிவிட்டேன். வீட்டுக்காரியும் வந்து எட்டிப் பார்த்தாள். "குளிருக்கு ஒண்டின பிள்ளைகள் மாதிரி இருக்கு" என்றாள். நாற்பது நாளில் அவள் புழுவைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

டிரம்மைக் கலைத்து, உயிரோடு இருந்ததை எல்லாம் பொறுக்கினேன். அரைக் கிலோ இருந்தது இப்போது இருநூறு கிராம்கூடத் தேறாது. அந்தப் பழையதை என்ன செய்வது?

சாயல்குடிப் பனங்காடு | ஆகஸ்ட் 2, காலை 8.05

தென்னை இருந்தால் தூரில் போட்டுவிடுங்கள் அண்ணே, தென்னை கொஞ்சம் உப்பைத் தாங்கும். மிளகாய்க்கும் மல்லிகைக்கும் வேண்டாம். இல்லையென்றால் சாக்கில் கட்டி வெளியே போட்டு வையுங்கள், ஐப்பசி மழை கழுவட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பெட்டி ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், ராமநாதபுரம் வரும்போது தருகிறேன்.

கீழக்கரை லாத்தா | ஆகஸ்ட் 2, பிற்பகல் 12.30

தண்ணீருக்கு வழி நான் சொல்கிறேன், தம்பி. காவிரித் தண்ணீரைக் குடம் குடமாகப் புழுவுக்கு ஊற்றினால் வீட்டில் அடி விழும். ஊற்றவும் வேண்டாம்.

அரிசி கழுவின தண்ணீர், பருப்பு கழுவின தண்ணீர், கீரை அலசின தண்ணீர். மூன்றும் நல்ல தண்ணீரில் கழுவினதுதானே? ஒரு வாளியில் சேர்த்தால் ஒரு பெட்டிக்குத் தாராளம், அன்றன்றைக்கே தெளித்துவிட வேண்டும், வைத்தால் புளிக்கும். அதுவும் போதாவிட்டால் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர். அது காற்றிலிருந்து இறங்குகிற தண்ணீர், உப்பே இருக்காது. எங்கள் காக்கா (அண்ணன்) அறை ஏசி ராத்திரி ஓடினால் விடிவதற்குள் ஒரு வாளி. வெளிநாடு போய்ச் சம்பாதிக்கிற சபுராளி வீடுகளில் ஏசிக்கா பஞ்சம்?

உப்புக்கு எங்கள் வீட்டில் ஒரே சட்டம்தான். உப்புப் போடுவதற்கு முன்னால் மிஞ்சினதெல்லாம் புழுவுக்கு, உப்புப் போட்ட பிறகு மிஞ்சினதெல்லாம் கோழிக்கும் பூனைக்கும். வேலைக்கு வருகிற பெண்ணிடம் இதைச் சொன்ன அன்றைக்கே புரிந்துவிட்டது. எலுமிச்சைத் தோல், வெங்காயத் தோல், பச்சை மிளகாய்க் காம்பு எல்லாம் கொஞ்சமாகப் போனால் ஒன்றும் ஆகாது, அதையே குவித்தால் கிட்ட வராது. முட்டை ஓட்டைக் காய வைத்துப் பொடித்துத் தூவுகிறேன், புளிப்பை அடக்கும்.

எறும்புக்குப் பெட்டியை ஸ்டூல் மேல் வைத்து, நான்கு காலுக்கும் நான்கு கிண்ணம் தண்ணீர். அந்தக் கிண்ணத்துக்கு வேண்டுமானால் உங்கள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுங்கள்.

மண்டபம் பாசிக்காரி | ஆகஸ்ட் 3, இரவு 8.15

இதுவரை படித்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் பக்கம் கரையில் கடல்பாசி நிறைய ஒதுங்கும். எங்கள் அப்பத்தா மழைக்கு முன்னால் அதை அள்ளித் தென்னைக்குப் போடும். அதைப் புழுவுக்குப் போடலாமா? இல்லை, அதிலும் உப்புதானா?

தொண்டி வாத்தியார் | ஆகஸ்ட் 3, இரவு 9.00

உப்பு உண்டு தாயி. ஆனால் உங்கள் அப்பத்தா கெட்டிக்காரி. மழைக்கு முன்னால் என்றார்களே, மழை உப்பைக் கழுவிவிடும், பாசி மக்கித் தூரில் தங்கும். அதே வழிதான் இங்கேயும். ஒதுங்கினதை அள்ளி, மணலை உதறி, ஒரு மழைக்காலம் முழுக்க வெளியே குவித்துப் போடுங்கள். நன்றாக மக்கி, நாக்கில் வைத்தால் கரிக்காது என்ற பிறகு சாணத்தோடு சேர்த்து, பத்துக்கு ஒரு பங்காக மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

ஒதுங்கினதை மட்டும். தீவுப் பக்கம் போய்ப் பறிக்கிற பேச்சு வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986ல் இருந்து தேசியப் பூங்கா. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, படிக்கிற வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொன்னேன்.

தேவிபட்டினம் தூண்டில் | ஆகஸ்ட் 4, மாலை 4.50

ஒரு குறுக்குக் கேள்வி. தூண்டிலுக்காகக் கரையோரச் சேற்றில் தோண்டுகிற புழுவை வளர்த்தால் என்ன? அது உப்பிலேயே பிறந்ததுதானே, சாம்பார் சாதமே கொடுக்கலாம்.

தொண்டி வாத்தியார் | ஆகஸ்ட் 4, மாலை 5.30

யோசனை பிரமாதம், ஆள்தான் வேறு. அது கடல் புழு. பக்கவாட்டில் வரிசையாகக் கால் மாதிரி மயிர்க்கற்றை இருக்கும், பார்த்திருப்பீர்கள். மண்புழுவுக்குத் தூரத்துச் சொந்தம்தான், ஆனால் அலை ஏறி இறங்குகிற சேறு இல்லாமல் அது வாழாது. பூசணித் தோலை வைத்தால் திரும்பியும் பார்க்காது. நீங்கள் மீனே பிடியுங்கள்.

சாயல்குடிப் பனங்காடு | ஆகஸ்ட் 4, இரவு 9.10

அப்படியானால் நம் கொல்லையில் மழைக்கு வெளியே வருகிற நாட்டுப் புழு? காசு கொடுத்து ஆப்பிரிக்கப் புழு வாங்குவதற்கு அதைப் பொறுக்கிப் போடலாமே என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு எண்ணம்.

தொண்டி வாத்தியார் | ஆகஸ்ட் 5, காலை 7.00

அதிலும் இரண்டு சாதி உண்டு. கொல்லையில் ஆழமாக வளை தோண்டி, வளை வாசலில் உருண்டை உருண்டையாக எச்ச மண் தள்ளி வைப்பது லாம்பிட்டோ மௌரிட்டி போன்றவை. அவை மண்ணோடு சேர்த்துத் தின்கிறவை, மேலும் கீழும் போய்வந்து நிலத்தை உழுகிறவை. பெட்டிக்குள் அடைத்தால் அந்த வேலையும் நடக்காது, இந்த வேலையும் நடக்காது. நிலத்திலேயே விடுங்கள்.

பழைய சாணக் குவியலின் அடியில், ஈரமான இலைச் சருகுக்குள் மெல்லிசாகக் கருஞ்சிவப்பாக ஒன்று கிடக்கும். அதுதான் பெரியோனிக்ஸ். மேல்மட்டக் கழிவைத் தின்கிற வகை, பெட்டிக்கு வரும். ஒரே குறை, மழை இருட்டினால் கூட்டமாகக் கிளம்பிவிடும். அன்றைக்கு ராத்திரி பெட்டிக்கு மேல் ஒரு விளக்கு எரியட்டும். வெளிச்சம் பட்டால் உள்ளேயே இருக்கும்.

கோவைக்காரன் | ஆகஸ்ட் 5, காலை 8.20

விளக்கு யோசனை நல்லா இருக்கு. எங்கள் பக்கமும் செய்து பார்க்கிறேன்.

உச்சிப்புளிக்காரன் | அக்டோபர் 30, இரவு 8.45

இடையில் எழுதாததற்கு மன்னிக்கவும். சொல்ல ஒன்றும் இல்லாமல் இருந்தது, இப்போது இருக்கிறது.

பனங்காட்டுத் தம்பி கொடுத்த தெர்மாகோல் பெட்டி, அடியில் எட்டு ஓட்டை. படுக்கைக்கு நார்க்கழிவே வேண்டாம் என்று கிழித்த செய்தித்தாள், வேப்பஞ்சருகு, பழைய சாணம். தண்ணீர் லாத்தா சொன்னபடி அரிசி கழுவினது. அம்மாவிடம் "உப்புக்கு முன்னால், உப்புக்குப் பின்னால்" என்று சொன்னேன். இப்போது அவர்கள்தான் காவல்காரி, நான் மறந்து போட்டாலும் கையைத் தட்டிவிடுகிறார்கள். வாரம் ஒருமுறை கீழே வடிகிற தண்ணீரை மீட்டரில் பார்க்கிறேன். முதல் வாரம் 1,900 இருந்தது, இப்போது 1,100க்குப் பக்கத்தில் நிற்கிறது.

ஆவணி முழுக்கப் புழு பெருகவே இல்லை. விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். புரட்டாசிக் கடைசியில் மேல் சாணத்தை விலக்கினபோது கடுகை விடப் பெரிசு, மிளகை விடச் சிறிசாக, தேன் நிறத்தில், ஒரு முனை கூராக ஏதோ கிடந்தது. ஏதோ விதை என்று தூக்கிப் போடப் போனேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே நூல் மாதிரி ஒன்று அசைகிறது.

தொண்டி வாத்தியார் | அக்டோபர் 30, இரவு 9.05

முட்டைக் கூடு. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மேலும் குஞ்சு வரும். நேரில் அது அசைவதைப் பார்த்தவர்கள் குறைவு, எனக்கே இரண்டு தடவைதான் வாய்த்தது.

உச்சிப்புளிக்காரன் | அக்டோபர் 31, காலை 6.30

வந்துவிட்டது சார். வெள்ளை நூல் துண்டு மாதிரி எண்ணி முடியாத அளவுக்கு இருக்கிறது. ஒரு ஓரத்தில் உரமும் தயார், டீத்தூள் மாதிரி உதிர்கிறது. ஒரு வாரமாகத் தண்ணீர் தெளிக்காமல் விட்டுப் புழுவைக் கீழே இறக்கி, மேலே இருப்பதை வழித்து எடுத்தேன். மூன்று கிலோ தேறியது. நாற்றங்கால் அண்ணே, பாதியை வீட்டுக்காரியின் மல்லிகைக்குப் போடலாமா? எவ்வளவு?

தங்கச்சிமடம் நாற்றங்கால் | அக்டோபர் 31, காலை 10.10

வடிகிற தண்ணீரே 1,100தான் என்றால் தைரியமாகப் போடுங்கள். பெரிய செடி என்றால் தூரிலிருந்து ஒரு சாண் தள்ளி இரண்டு கை, மேலே மணல் மூடிவிட வேண்டும். கன்று என்றால் நான்கு பங்கு மணலுக்கு ஒரு பங்கு, அதற்கு மேல் வேண்டாம். நம் மணலில் ஊற்றினது நிற்காது, இந்த உரம் கொஞ்சம் பிடித்து வைக்கும். ஆனால் கிணற்று உப்பை அது எடுத்துவிடும் என்று நினைக்க வேண்டாம், மழைத் தண்ணீர் விழுகிற வரைக்கும் அந்தச் செடிக்கும் அரிசி கழுவின தண்ணீர்தான்.

கீழக்கரை லாத்தா | அக்டோபர் 31, பிற்பகல் 1.00

தம்பி, என் பெட்டியில் போன வாரம் மூஞ்சூறு புகுந்து பாதியைத் தின்றுவிட்டது. ஒரு கால் கிலோ புழு தருவீர்களா? சாணம் நிறுக்கக் கூடாது, புழு மட்டும்.

உச்சிப்புளிக்காரன் | அக்டோபர் 31, பிற்பகல் 1.20

குஞ்சு கொஞ்சம் பெரிசாகட்டும் லாத்தா, கார்த்திகை பிறந்ததும் நானே கொண்டுவந்து தருகிறேன். மூடியில் ஓட்டை போட்ட டப்பா ஒன்று எடுத்து வையுங்கள். மூஞ்சூறு ஏறாத இடமாகவும் பார்த்து வையுங்கள்.